கணக்கில் வராத காற்று

கார் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டுவார்கள். பெட்ரோல் விளக்கு எரிந்தால் பங்க்கைத் தேடுவார்கள். மஞ்சள் நிறத்தில் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்தால் மட்டும் மைத்துனருக்குப் போன் போகும்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரிக்கும் அப்படித்தான் நடந்தது. ஈரோட்டில் ஒரு சீர் முடிந்து திரும்பும்போது, அவினாசி தாண்டியதும் விளக்கு எரிந்தது. முதலில் பார்த்தவர் அவர் மனைவி. “ஏனுங்க, கொழா மாதிரி ஒண்ணு எரியுதே, ரேடியேட்டர்ல தண்ணி இல்லீங்களா?” என்றார். உற்றுப் பார்த்தால் அந்தப் படம் குழாய் போலத்தான் இருக்கிறது. வரைந்தவர் என்ஜினை நேரில் பார்த்தவரா என்பதே சந்தேகம். ஆனால் வெப்ப முள் நடுவில் நின்றது, ஏ.சி. குளிர்ந்தது, வண்டியும் ஓடியது. விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்ததால் பதற வேண்டியதில்லை. சிமிட்டினால் கதை வேறு: எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்குகிறது என்று பொருள்.

வீடு சேர்வதற்குள் ஆலோசனைகள் வந்துவிட்டன. பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கச் சொன்னார் மைத்துனர். அமெரிக்க யூடியூபர்கள் அத்தனை பேரும் சொல்வது அது. மூடி தளர்ந்திருந்தால் காரின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறுக் குறியீடு பி0457. விளக்கு ஒன்றாக இருந்தாலும் இங்கே வழக்கு வேறு. பேட்டரி ஒயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். மாட்டினால் விளக்கு அணையும்தான். கூடவே, கோளாறு வந்த நொடியில் வேகம், வெப்பம், பளு என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்பும் அழியும். முப்பது வருடம் தணிக்கை பார்த்தவரிடம் ஆவணத்தை அழிக்கச் சொன்ன குற்றத்துக்காக அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி0171, அதாவது கலவை லீன். காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. “ஆக்சிஜன் சென்சாரை மாத்திடலாம் சார்” என்று பல ஆயிரத்துக்கு ஒரு மதிப்பீட்டை நீட்டினார் இளைஞர். “சென்சார் கெட்டுப்போச்சுன்னு எங்க போட்டிருக்கு?” என்று கேட்டார் நம்மவர். இளைஞர் திரையைப் பார்த்தார். திரையில் அப்படி எதுவும் இல்லை. தணிக்கை அறிக்கையில் பணம் குறைகிறது என்று எழுதியவரையே வேலையை விட்டுத் தூக்கிய அலுவலகங்கள் சில நம்மவருக்குத் தெரியும். அதனால் மதிப்பீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த சென்சாரின் வரலாறு கௌரவமானது. பாஷ் நிறுவனம் தயாரித்த அது 1976இல் வோல்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தை ஒட்டி நின்றால்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று நச்சு வாயுக்களையும் ஒருசேர அடக்கும். புகைக்குழாயில் உட்கார்ந்து அதைக் கண்காணிப்பதுதான் சென்சாரின் வேலை. பழைய ரக சென்சார் லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், ரிச், அதாவது பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 பக்கம் ஏறும். ஆனால் அதற்குப் பெட்ரோல் தெரியாது. எரிந்தது போக எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்பது மட்டுமே தெரியும். ஒரு பிளக் தீப்பொறி விடாமல் அந்த சிலிண்டரின் பெட்ரோல் முழுதும் வீணாக வெளியேறினாலும், கூடவே வரும் ஆக்சிஜனைப் பார்த்து ‘லீன், லீன்’ என்றுதான் சொல்லும்.

இந்தியாவில் பி.எஸ்.4 கார்களுக்கு, கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதியும் ஓ.பி.டி-2 அமைப்பு 2013 ஏப்ரலில் இருந்து கட்டாயமானது. நம்மவருடையது 2014 மாடல். ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இத்தனை வருடமும் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். அதில் செருகும் புளூடூத் கருவி ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. செல்போனில் எண்கள் ஓடத் தொடங்கியதும், ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தில் காணாமல் போயிருந்த வெளிச்சம் திரும்பியது என்கிறார் அவர் மனைவி.

‘ஃபியூயல் டிரிம்’ என்ற வரியில்தான் அவர் கண் நின்றது. கலவை லீனாகிறது என்று சென்சார் சொன்னதும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டியது எத்தனை சதவீதம் என்பதே டிரிம். பத்துக்குள் இருந்தால் சகஜம். இருபது, இருபத்தைந்தைத் தொட்டு, அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அப்படியே நின்றால்தான் விளக்கு எரியும். “அப்ப இத்தனை நாளும் பற்றாக்குறையைச் சரிக்கட்டிக்கிட்டே வந்திருக்கு, மேலிடத்துக்குச் சொல்லலை!” என்று கொதித்துப் போனார். கம்ப்யூட்டர் மீது அவருக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இதற்கிடையே அண்ணன் மகன் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்மீது பழி போட்டான். இப்போதெல்லாம் கோயிலில் தேங்காய் அழுகியிருந்தாலும் எத்தனாலைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதில் துளி உண்மை உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். எனவே இ20 போட்டால் விகிதம் 13.5 அளவுக்கு இறங்கும், கம்ப்யூட்டரும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றும். 10 சதவீத எத்தனாலில் இருந்து மாறினால் அந்தக் கூடுதல் நான்கைந்து சதவீதம். நம்மவர் போனில் தெரிந்தது 25. மீதி இருபதுக்கு எத்தனால் பொறுப்பில்லை.

அவர் நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டார். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது டிரிம் 25. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்மில் வைத்தால் 6. துப்பு இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால், ஃபில்டர் அடைத்திருந்தால், என்ஜின் நிறையக் கேட்கும்போதுதான் பற்றாக்குறை வரும். மிதிக்க மிதிக்க எண் ஏற வேண்டும். இங்கே இறங்குகிறது. அப்படியென்றால் எங்கோ ஓட்டை. உள்ளே போகும் காற்றை வாசலிலேயே ஒரு சென்சார் அளக்கிறது. அதைத் தாண்டி, ஹோஸ் விரிசலிலோ கேஸ்கட் இடுக்கிலோ நுழைவது கணக்கில் வராத காற்று. ஐடிலில் என்ஜின் மூச்சே சிறியது, அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும் பங்கு. வேகம் கூடினால் அளந்து வரும் காற்று பெருகி, திருட்டுப் பங்கு சுருங்கிவிடும்.

நோட்டோடு போய் நின்ற இடம், கார்ப்பரேட்டர் காலத்திலிருந்து ஸ்பேனர் பிடிக்கும் ஒரு மெக்கானிக்கின் தகர ஷெட். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்தார். “ஏர் இழுக்குதுங்க” என்றார். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததும் அதுவேதான்.

இருவருக்கும் சமரசம் செய்துவைத்தது ஒரு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. சூடான புகைக்குழாய்க்கு எட்டத்தில், ஹோஸ்களின் மேல் துளித்துளியாக அடித்துப் பார்க்க வேண்டும்; ஓட்டை இருக்கும் இடத்தில் அது உள்ளே இழுபட்டுப் பெட்ரோல்போல எரியும். கைப்பழக்கம் இல்லாதவர் வீட்டு போர்ட்டிகோவில் முயன்றால் தீயணைப்பு வண்டி வரும். மெக்கானிக் இன்டேக் கேஸ்கட் ஓரம் அடித்தார், மாற்றமில்லை. பிரேக் பூஸ்டர் ஹோஸ், மாற்றமில்லை. கிரான்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸின் வளைவில் அடித்ததும் என்ஜின் சுருதி மாறியது. நம்மவர் கையிலிருந்த போனில் ஆக்சிஜன் சென்சார் 0.1இலிருந்து 0.9க்குத் தாவியது. “பாருங்க, பாருங்க! இதைத்தான் மாத்தச் சொன்னாங்க!” என்று அவர் கத்தியதில் பக்கத்து டீக்கடையில் இருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார் மெக்கானிக். மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிது. அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. ரப்பர் சூட்டில் வெந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சுண்டுவிரலில் கறுப்பாக ஒட்டியது. புது ஹோஸும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாய்.

“லைட்டை ஸ்கேனர்ல அழிச்சிரட்டுங்களா?” என்றார் மெக்கானிக். கூடாது என்றார் நம்மவர். தணிக்கைத் தடையை எழுப்பியவர்தான் நீக்க வேண்டும். கோளாறில்லாத மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து வந்தால் விளக்கு தானாக அணையும், குறியீடு நினைவிலிருந்து போக 40 முறை என்ஜின் சூடேறி இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அதற்குள் மனப்பாடம். விளக்கு அணையும்வரை தினமும் மருதமலை அடிவாரம் வரை ஒரு நடை ஓட்டினார். பக்தி திடீரென்று முற்றிவிட்டதாக மைத்துனர் நினைத்துக்கொண்டார்.

கருவியை அவர் இன்னும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்த கையோடு வந்தவர்கள் கார்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், சொந்த மாப்பிள்ளையின் வண்டி அருகே நின்றார். “பானெட்டெல்லாம் தெறக்க வேண்டாமுங்க மாப்ளே, ஸ்டார்ட் பண்ணி வெச்சாப் போதும்.” குறியீடு ஒன்றுமில்லை. டிரிம் மட்டும் ஒன்பது. மாப்பிள்ளை பயந்துபோய், “ஏதாச்சும் பிரச்சினைங்களா மாமா?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு இல்லீங்க” என்றபடி நோட்டை எடுத்து, வண்டி நம்பரையும் தேதியையும் குறித்துக்கொண்டார்.