விலை பேசாத அலைவரிசை

உடுமலையில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் விலை வந்துவிடும். நூல் விலையோ, கொப்பரை விலையோ, முட்டை விலையோ, ஏதோ ஒன்று. இந்த ஊரில் நூல் ஏஜென்சி வைத்துக்கொண்டு, வியாபாரமே பேசக்கூடாது என்று சட்டம் உள்ள பொழுதுபோக்கில் போய் மாட்டிக்கொண்டேன். ஹாம் ரேடியோ: சொந்த செட் வைத்து வானலையில் மற்றவர்களோடு பேசுவது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பரீட்சை வைத்து லைசென்ஸ் தருகிறது. ராஜீவ் காந்திகூட ஹாம்தான், அழைப்புக்குறி வி.யூ.2.ஆர்.ஜி. "பிரதமரா இருந்தவரும் நானும் ஒரே ஜாதி" என்று வீட்டில் சொன்னேன். "அவருக்கு வேற வேலையும் இருந்துச்சுங்" என்றாள் மனைவி.

கையில் சீனத்து பாவ்ஃபெங் செட். பவர் நாலைந்து வாட். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும்; கட்டடம் மறித்தாலே திணறும், மலை மறித்தால் கதை முடிந்தது. அதனால்தான் நம் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை மலை உச்சியில் வைக்கிறார்கள், கொடைக்கானலில் வைத்த மாதிரி. அதற்கு ஓர் அலைவரிசையில் காது, இன்னொன்றில் வாய். இரண்டுக்கும் நடுவில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். செட்டில் 26ஆம் மெனுவில் அந்த இடைவெளி, 25இல் கழித்தல் குறி. 13இல் டோன்; நம் பேச்சுக்கு அடியில் மெல்ல ஓடும் முனகல் அது. பல ரிப்பீட்டர்கள் மாமனார் மாதிரி. முறை வைத்துக் கூப்பிட்டால்தான் காது கேட்கும். அந்த முனகல்தான் முறை.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரைச் சொல்வேன். வானலைத் தொடர்புக்காக ஹாம் பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேர் போயிருந்த நேரத்தில் சுனாமி வந்தது. போன்கள் செத்த தீவிலிருந்து சேதி வெளியே வர அவர்களுடைய ரேடியோ உதவியது. உடுமலையில் அப்படி ஒன்றும் நடக்காமல் இருக்கட்டும். ஆனால் நடக்காத நாட்களில் என்ன பேசுவது?

பொள்ளாச்சிப் பக்கத்து அண்ணா ஒருவர் கிடைத்தார். தென்னந்தோப்புக்காரர்.

"உங்க சிக்னல் ஃபைவ் நைன்ங்க."

"உங்களுதும் ஃபைவ் நைன்ங்ண்ணா."

தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம். பிறகு இருவருக்கும் தொண்டையில் ஏதோ அடைத்தது.

"தேங்கா..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா!"

"இல்லீங், சட்னிக்குங்க."

சரி, காத்து எப்படி அடிக்கிறது என்று கேட்கலாமென்றால், காற்றாலை நிற்கும் ஊரில் காற்றும் யூனிட் கணக்குதான். மழையைப் பேசினால் ஆழியாறு தண்ணீர் வரும், தண்ணீரைத் தொட்டால் அரசியல் வரும், அதுவும் ஆகாது. ஆண்டெனா உயரத்தைப் பற்றிச் சிரத்தையாகப் பேசி, நல்வாழ்த்துக்கு அடையாளமான "73" சொல்லிப் பிரிந்தோம்.

உடனே செல்போன் அடித்தது.

"இப்பச் சொல்லுங்க தம்பி, நாப்பதாம் நம்பர் நூல் என்ன வெலைங்க?"