கட்-ஆஃப் பெரியப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டுக்கு இனிப்பு வாங்கப் போனவர் திரும்புவதற்குள் பெரியப்பா வந்து உட்கார்ந்திருப்பார். சொந்தப் பெரியப்பாவாக இருக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு பையனை எந்த வருஷமோ இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போனவராக இருந்தால் போதும், அந்தப் பதவி ஆயுளுக்கும் நிரந்தரம்.

"கட்-ஆஃப் எவ்வளவு?" என்றுதான் நலம் விசாரிப்பார். கணக்குக்கு நூறு, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200 என்று உதட்டுக்குள்ளேயே கூட்டிப் பார்த்து, தசாபுத்தி கணிக்கிற ஜோசியர் போல ஒரு பெருமூச்சு விடுவார். எல்லாப் படிப்புக்கும் அவரிடம் தீர்ப்பு தயார். சிவிலா? வெயிலில் நிற்கணும். மெக்கானிக்கலா? பொண்ணுக்கு வேண்டாம். கம்ப்யூட்டரா? கண்ணை மூடிக்கிட்டுப் போடு.

"ஜெனிடிக் இன்ஜினியரிங்" என்று பெண் சொன்னதும்தான் கொஞ்சம் தடுமாறுவார். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் ஸ்ருதி ஹாசன் படிப்பது அது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில் பெரியப்பா சும்மா இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"ஓ, அதுவா! டாக்டர் சீட் கிடைக்காதவங்களுக்கு டாக்டருக்குப் பக்கத்து சீட்!"

"அப்படி இல்ல பெரியப்பா..."

"கேம்பஸ்ல எத்தனை லட்சம் தருவான்?"

"ஆராய்ச்சிக்குப் போகணும்னா எம்.டெக், பிஎச்.டி.ன்னு மேல படிக்கணும்."

"அப்போ கல்யாணம்?"

இட்லி வருகிறது. பெரியப்பா சட்டையை லேசாகத் தூக்கி, இன்சுலின் பேனாவை வயிற்றில் அழுத்திக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்பார்: "ஆமா, இதைப் படிச்சு ஊருக்கு என்ன பிரயோஜனம்?"

மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த மருந்துக்கு அமெரிக்காவில் 1982இல் அனுமதி கிடைத்தது. இதைப் பெண் சொன்னால், பேனாவை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டாக்டர் எழுதிக் குடுத்ததும்மா" என்பார்.

பெரியப்பா கேட்காத கேள்விகள்தான் முக்கியம். நிறமில்லாத ஒரு சொட்டைப் பிப்பெட்டில் எடுத்து, நிறமில்லாத இன்னொரு சொட்டில் விட்டு, தட்டில் பரப்பி, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுப் போவாய். காலையில் வந்து பார்த்தால் ஒரு பாக்டீரியாக் காலனிகூட முளைத்திருக்காது. ஏன் என்று கைடுக்கும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து செய்வாயா? கணக்கு வராததால் பயாலஜி பக்கம் ஒதுங்கியவளா நீ? அப்படியென்றால் கஷ்டம்தான்: பயோரியாக்டரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைகிறது என்பதும் கணக்கு, மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளுக்குள் ஒரு பிழையைத் தேடுவதும் கணக்கு.

அந்தக் காலித் தட்டைப் பார்த்து எரிச்சல்தான் வரும் என்றால் வேறு படிப்பைப் பாருங்கள். 'ஏன் முளைக்கலே?' என்று மண்டை குடைந்தால் தயங்காமல் சேருங்கள். ஃபீஸ் கட்டிய பிறகு பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.