தேக்கு எண்ணெய் குடிப்பதில்லை

படகின் உள்ளறைத் தேக்கைப் பேணுவது பற்றிப் பேசுமுன் ஒரு நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். மங்கிய பலகை பசித்திருக்கிறது, எண்ணெய் தடவினால் குடித்துத் தெளியும் என்று படகுக்காரர்கள் பலர் எண்ணுகிறார்கள். தேக்கு தன் எண்ணெயைத் தன்னிடமே வைத்திருக்கும் மரம். திருகோணமலையின் பெயர் தாங்கி, 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்ட போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. நாம் பூசும் எண்ணெய் நிறத்துக்கும், அழுக்கு ஊறாமல் இருப்பதற்கும் மட்டுமே.

1970களில் தைவானில் கட்டிய பாய்மரப் படகுகளுக்குள் எங்கு திரும்பினாலும் தேக்குதான். அவற்றில் கறுத்துக் கிடக்கும் அறைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. எண்ணெய்க் குறையால் வந்த கறுப்பல்ல அது. பழைய பூச்சைத் துடைக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் பூசிய ஆளிவிதை எண்ணெய் பிசுக்காகித் தூசியைப் பிடித்து, பூஞ்சணத்துக்கு இரையாகிறது. கூடவே கடலுப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் உப்பேறிய பலகை முழுதாகக் காய்வதே இல்லை.

ஆகவே முதல் மருந்து நல்ல தண்ணீர். மென்மையான சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் ரேகை ஓடும் திசையில் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும். விடாப்பிடியான பிசுக்குக்கு டர்பன்டைன் போதும். கதவு ஜன்னல்களைத் திறந்துவைக்க மறக்கக் கூடாது. மேல்தளத் தேக்குக்கென விற்கும் கடுங்காரமும் அமிலமும் உள்ளே நுழையவே கூடாது. மெல்லிய நாரை அரித்து ரேகையை மேடுபள்ளமாக்கிவிடும். இரும்புத் திருகாணியைச் சுற்றிய கருங்கறைக்கு மட்டும் ஆக்சாலிக் அமிலக் கரைசல் விலக்கு, கையுறையோடு. அதற்கும் முன் தண்ணீர் எங்கே கசிகிறது என்று பார்த்து அடைப்பதே முறை.

உப்புத்தாளை எடுக்கும் கைக்கு நிதானம் வேண்டும். தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் ஒட்டியிருக்கும் தேக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். இயந்திரம் வேண்டாம், 220 எண் தாளால் கையால் வருடினால் போதும். விளிம்பில் ஒருமுறை அடிப்பலகை வெளுத்துத் தெரிந்துவிட்டால் எந்த எண்ணெயும் அதை மறைக்காது.

பிறகுதான் பூச்சு. ஆளிவிதை எண்ணெயைவிட டங் எண்ணெய் குறைவாகவே கறுக்கும். மெல்லத் தடவி, சற்றுப் பொறுத்து, மேலே நிற்பதை ஒரு துளி விடாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

துடைத்த துணிதான் ஆபத்து. இவ்வெண்ணெய்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தே இறுகுகின்றன. அப்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்தால் தானே தீப்பற்றும். 1991இல் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில், 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் கிளம்பிய தீ, தீயணைப்பு வீரர்கள் 3 பேரைக் கொன்றது. துணிகளைத் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அன்றைக்கே படகிலிருந்து இறக்கிவிடுங்கள்.