பாட்டுப் பெட்டி வீடு மாறிய கதை

எங்கள் திருப்பத்தூர்ப் பக்கம் பாட்டு இல்லாமல் காதுகூடக் குத்த முடியாது. (தனி மாவட்டமாகிவிட்ட அந்தத் திருப்பத்தூர் இல்லை, 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்.) ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே குழாய் அலற ஆரம்பித்துவிடும். பிள்ளை அழுவது அப்புறம்தான். பக்கத்துத் திருக்கோஷ்டியூரில், யாருக்கும் சொல்லாதே என்று குருவான நம்பி உபதேசித்த மந்திரத்தை ராமானுஜர் கோயில் உச்சியில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார் என்பார்கள். எதை எவ்வளவு உயரத்தில் வைத்தால் எந்த ஊர் வரைக்கும் கேட்கும் என்ற கணக்கு எங்களுக்கு அப்போதிருந்தே அத்துப்படி. பிற்பாடு மைக் செட் வந்தபோது புளியமர உச்சியில் குழாய் கட்ட யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என் அக்கா வீட்டுக்காரர் அந்தக் காலத்து மைக் செட். சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயர், மடியில் கட்டிய மாதிரி ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. 78 சுற்றுத் தட்டு ஒரு பக்கம் ஓட மூன்று நிமிஷம், அவ்வளவுதான். அதற்குள் வெற்றிலை போட்டு, துப்பி, அடுத்த தட்டை எடுத்துத் துடைத்து வைத்துவிடுவார். அவர் மகன் இப்போது டிஜே. அதே தொழில்தான், வெற்றிலை மட்டும் இல்லை, விளக்கு கூடியிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் அவனுடைய லேப்டாப் மூச்சுவாங்க ஆரம்பித்தது. மூடியின் கீல் உடைந்து, திரை செங்கல்லில் சாய்ந்து நின்றது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, இதுல இருக்கறத அதுக்கு மாத்திக் குடுங்க. சிராவயல் மஞ்சுவிரட்டு முடிஞ்ச கையோட வரிசையா ஃபங்ஷன் இருக்கு.”

வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவன் எதையும் சரிசெய்வான் என்பது எங்கள் உறவுமுறையில் ஆழமாக ஊன்றிய நம்பிக்கை.

பாட்டை மாற்றுவது பெரிய காரியமில்லை. ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகி, ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில் எல்லாம் வந்திருக்கும். வந்திருந்தது. டிஜே மென்பொருளின் கோப்புகளையும் தேடி எடுத்துப் போட்டாயிற்று. திறந்தால், பட்டியல் எல்லாம் இருக்கிறது, பாட்டுப் பெயர் எல்லாம் இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு ஆச்சரியக்குறி. கண்ணதாசன் பாட்டுக்கெல்லாம் ஆச்சரியக்குறி. மனுஷன் பிறந்த சிறுகூடல்பட்டி கூப்பிடு தூரம். அவரையே காணோம் என்கிறது.

விஷயம் இதுதான். இந்த மென்பொருள்கள் பாட்டைத் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. பாட்டு இருக்கும் இடத்தைத்தான் குறித்து வைத்திருக்கின்றன. டி டிரைவ், அதற்குள் சாமி பாட்டு, அதற்குள் அம்மன், அதற்குள் எல்.ஆர்.ஈஸ்வரி என்று வரிசையாக. நகரத்தார் வீட்டு விலாசம் மாதிரி: முன்னோர் எழுத்து, அப்பா எழுத்து, கடைசியில் ஆள் பெயர். ஆள் அதே ஆளாக எதிரே நின்றாலும் முதல் எழுத்து மாறிப்போனால் ‘நீங்க யாரு வீடு?’ என்று கேட்பார்கள். பழைய லேப்டாப்பில் பாட்டெல்லாம் டி டிரைவில் இருந்தது. புதியதில் டி என்ற எழுத்தை வேறொரு பகுதி பிடித்துக்கொண்டிருக்க, பாட்டெல்லாம் இ டிரைவுக்குப் போயிருந்தது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் அந்தப் பகுதிக்கு வேறு எழுத்து கொடுத்து, பாட்டு இருக்கும் பகுதிக்கு டி என்று பட்டம் சூட்டினேன். ஆச்சரியக்குறிகள் ஒட்டுமொத்தமாகக் கலைந்துபோயின.

மாறிப் போவது எங்கள் சீமைக்குப் புதிதில்லை. இசைத்தட்டு வியாபாரம் செய்த காரைக்குடி மெய்யப்பச் செட்டியார், சென்னையில் மின்சாரம் கிடைக்காமல் காரைக்குடியிலேயே ஏவிஎம் ஸ்டுடியோவைப் போட்டார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். 1948இல் ஸ்டுடியோவையே கிளப்பிக் கோடம்பாக்கம் கொண்டுபோனார். போன இடத்தில் கேமராவைக் காணோம் என்று எந்தப் பெட்டியும் ஆச்சரியக்குறி காட்டியதாகக் கேள்வியில்லை.

பாட்டு கிடைத்த சந்தோஷத்தில் காபி கேட்பான் என்று பார்த்தால், மாப்பிள்ளை முகம் தெளியவில்லை. “அடையாளம் வந்துருக்கா பாருங்க மாமா” என்றான். பாட்டுக்குள் எந்த இடத்தில் குதிக்க வேண்டும் என்று டிஜேக்கள் வைக்கும் ஹாட் க்யூவைச் சொல்கிறான். செராட்டோவில் இந்த அடையாளங்கள் பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். பாட்டு போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். ரெக்கார்ட்பாக்ஸ் போன்றவற்றில் தனிக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு வந்தால் போச்சு. இவனுடையது இரண்டாவது ரகம். நல்லவேளை, அந்தக் கோப்பும் வந்திருந்தது.

அப்போதுதான் அவனுடைய பட்டியல்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். காதல், சோகம், குத்து என்றெல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது இது: ‘பந்தி 1.’ ‘பந்தி 2 சோறு லேட்டானா.’ ‘மாமன் சீர் வருது.’ ‘மாமன் சீர் கம்மி.’ ‘அக்கா அழும்.’ ‘ரெண்டு வீடும் பேசலைன்னா.’ ‘கரண்டு போயி வந்தா.’ ‘போலீஸ் வந்தா.’

கடைசியில் உள்ளதைத் திறந்தேன். முழுக்கப் பிள்ளையார் பாட்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதி சொல்கிறது. ஜீப் தெருமுனையில் திரும்பும்போது குத்துப்பாட்டு இறங்கி, ஜீப் பந்தலுக்கு வரும்போது பிள்ளையார்பட்டிக்கே வந்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். அதற்கு ஒரே பொத்தான்.

ஒரு பழைய பாட்டில் நடுவே ஓர் அடையாளம்: ‘பெருசு எந்திரிக்கும்.’

“அதென்ன மாப்ள?”

“அந்த உருமி வர்ற எடத்துல எந்த ஊர்லயும் ஒரு பெருசு வேட்டிய மடிச்சுக்கட்டிட்டு எந்திரிச்சுரும் மாமா. பாட்ட மொதல்ல இருந்து விட்டா அதுக்குள்ள தூங்கிரும்.”

எல்லாவற்றுக்கும் கீழே ‘போடக்கூடாது’ என்று ஒரு பட்டியல். அதற்குள் ஊர் ஊராகப் பிரித்திருந்தான். இந்த ஊரில் இந்தப் பாட்டு ஆகாது, அந்தத் தெருவில் அந்த நடிகர் பாட்டு ஆகாது, இன்னொரு ஊரில் போன திருவிழாவில் நாற்காலி பறந்தது எந்தப் பாட்டுக்கு என்பது வரை. பாட்டே அழிந்தாலும் பென்டிரைவில் வாங்கிக்கொள்வானாம். இது போனால் ஆஸ்பத்திரிச் செலவாம். அவன் முகம் அதைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. எனக்கென்னவோ, கலெக்டர் ஆபீஸில் இதன் ஒரு நகல் இருந்தால் அமைதிக் கூட்டம் பாதி மிச்சமாகும் என்று தோன்றியது.

அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். “நாங்க இதையெல்லாம் மண்டையிலல்லடா வச்சிருந்தோம்” என்றார். மண்டையிலிருந்து மகனுக்கு மாற்ற அவருக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டேன். “அவன் எங்க கேட்டான்? அடிபட்டுத்தான் கத்துக்கிட்டான்.”

மிச்சமிருந்தது சில்லறை அமைப்புகள். எந்த வழியாக ஒலி வெளியே போவது, எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை, மைக்குக்கு எவ்வளவு எக்கோ. (தாய்மாமன் பேசினால் கொஞ்சம், கட்சிக்காரர் பேசினால் நிறைய.) இதெல்லாம் பழைய இயந்திரத்திலேயே தங்கிவிடும் ரகம், புதிதாகத்தான் வைக்க வேண்டும். வைத்தான்.

புது லேப்டாப்பின் முதல் விசேஷம் ஒரு காதுகுத்து. பாட்டு, பந்தி, மாமன் சீர் எல்லாம் பிசகில்லாமல் போயின. மொய் வாசிக்கும்போதுதான் குழாயில் ‘டிடிங்’ என்று ஒரு சத்தம். பழைய லேப்டாப்பில் விண்டோஸின் சொந்தச் சத்தங்களை எப்போதோ அடக்கி வைத்திருந்திருக்கிறான். புதியது அதையும் ஊருக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மொய் எழுதுகிறவர் லேப்டாப் இருந்த அதே மேஜையில் ஒவ்வொரு தொகைக்கும் கையைத் தட்டி நோட்டைத் திருப்ப, மௌஸ் வயர் லூசாகிக் கழன்று கழன்று ஒட்டியது. 501 என்றால் ஒரு டிடிங். 1001 என்றால் ஒரு டிடிங். சத்தம் வராத ஒருவர் மேஜைக்கே வந்து, “எனக்கு மட்டும் ஏன் அடிக்கலை?” என்று நின்றார். மொய் எழுதுகிறவர் இன்னொரு தட்டுத் தட்டி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

மறுநாள் நான் அந்தச் சத்தத்தை நிறுத்தப் போனேன். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டான். கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒருவர் அதற்குள் போன் செய்துவிட்டாராம்.

“மொய்க்கு மணி அடிக்கிற செட்டு உங்களுதுதானே தம்பி? அதுக்குத் தனியா எவ்வளவு?”

ஐந்நூறு சொல்லியிருக்கிறான்.