பல் பிடித்து லென்ஸ் பார்த்தல்: காரிமங்கலத்தில் முதல் கேமரா கொள்முதல் குறித்து ஓர் ஆய்வு

மாடு வாங்கச் சாத்திரம் உண்டு; கேமரா வாங்க இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. களம்: தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் காரிமங்கலம். ஆய்வுப் பொருள்: முதன்முதலாக ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கத் துணிந்த இளைஞர். அளவுகோல்: வாரச்சந்தை. எல்லை: அவருடைய அப்பாவின் பொறுமை.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வுக்கு மதிப்பில்லை என்பதால் 1839க்குப் போக வேண்டியிருக்கிறது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதிக்கும் டாகேரின் முறை பாரிசில் அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். படம் பிறந்தது தகட்டில், ஊர் தகடூர். ஆகவே புகைப்படக்கலை அதியமான் நாட்டுச் சொத்து என்று நிறுவத் தொடங்கிய இவ்வாய்வு, அடுத்த சான்று அகப்படாததால் நேரே 1991க்குத் தாவுகிறது. அந்த ஆண்டு கோடாக் நிறுவனம் நிக்கான் எஃப்3 உடம்பில் டிஜிட்டல் பாகத்தைப் பொருத்தி விற்றது. திறன் 1.3 மெகாபிக்சல். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் தொங்கவிட வேண்டும். 2003இல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. அதன்பிறகுதான் சாமானியர் கை பட்டது. 2018இல் கேனான், நிக்கான் இரண்டுமே கண்ணாடி இல்லாத முழுச்சட்டக மிரர்லெஸ் கேமராக்களை இறக்கின. கல்யாண போட்டோகிராபர்கள் அந்தப் பக்கம் சாயச் சாய, அவர்களிடம் உழைத்த டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் வரத் தொடங்கின. சந்தை மொழியில் சொன்னால், இரண்டு மூன்று ஈத்து ஈன்றவை.

இங்கேதான் பல் முக்கியமாகிறது.

சந்தையில் தரகர் மாட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் இறக்கிப் பார்ப்பார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டிருந்தால் இரண்டு வயது தாண்டியது. நாலு, ஆறு என ஏறி எட்டும் முளைத்தால் 'கடை சேர்ந்தது'. அதற்குமேல் தேய்மானத்தை வைத்து யூகிக்க வேண்டியதுதான். கேமராவின் பல், ஷட்டர் கவுன்ட். உள்ளே 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும் கண்ணாடி 'சடக்' என்று எழும்ப, ஷட்டர் திறந்து மூடினால் ஒரு கணக்கு. தொடக்க நிலைக் கேமராக்கள் சுமார் ஒரு லட்சம் 'சடக்' தாங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. நிக்கான் இந்த எண்ணைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். வாயைத் திறந்து காட்டும் சாதுவான மாடு. கேனானின் தொடக்க நிலை உடம்புகள் எளிதில் வாய் திறக்காது. தனி மென்பொருள் கொண்டு பிளக்க வேண்டும்.

பல்லுக்கு அடுத்தது சுழி. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்திவலை போல இழை ஓடும். அது பூஞ்சை, விலக்கத்தக்க சுழி. அபர்ச்சரை எஃப்/16க்குக் கொண்டுபோய் வெறும் வானத்தைப் படமெடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசு கரும்புள்ளியாகத் தெரியும். இது துடைத்தால் போகும், மன்னிக்கத்தக்க சுழி.

கருதுகோள் ஒன்று: மெகாபிக்சல் என்பது கொம்பு. பார்க்கக் கம்பீரம், பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 24 மெகாபிக்சல் வேண்டும் என்று இளைஞர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆல்பத்தில் ஒட்டும் 6×4 அங்குலப் படத்துக்கு 1800×1200 புள்ளிகள், அதாவது 2.16 மெகாபிக்சல் போதும். நாற்சந்தியில் கட்டும் பிளக்ஸையோ யாரும் மூக்கை உரசிப் பார்ப்பதில்லை.

கருதுகோள் இரண்டு: பால் லென்ஸில் இருக்கிறது. கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ் 55இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். 50 எம்எம் எஃப்/1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பின்னணி 'ப்ளர்' ஆகும் என்று கேட்டதும் இளைஞர் மயங்கிவிடுகிறார். ஆனால் கேனானின் சிறிய சென்சாரில் அந்த 50, 80 போல நடந்துகொள்ளும். காதுகுத்து வீட்டில் தாய்மாமன் மடியில் குழந்தை, சுற்றிப் பதினோரு பேர். எல்லாரும் சட்டத்துக்குள் வர இளைஞர் பின்வாங்கிப் பின்வாங்கி வாசலைத் தாண்டி மாட்டுக் கொட்டகைக்குள் நின்றதை இவ்வாய்வு பதிவு செய்கிறது. அங்கிருந்தும் இடது ஓரத்துச் சித்தப்பா வரவில்லை.

விலைப் பேச்சும் ஆய்வுக்குரியதே. சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து ரகசியமாகப் பேசுவார்கள். கேமராக் கடையில் அந்தத் துண்டின் பெயர் 'பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் தம்பி'. டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி 1 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மிச்சப்படுவது அந்தப் பதினெட்டு. கூடவே போவது வாரன்டி.

அப்பாவின் தலையீடு இந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது.

"போனுலயே படம் தெளிவா வருதேடா, அப்புறம் எதுக்கு ஒரு கறவ மாட்டு வெல?"

"இதுல லென்ஸ் மாத்திக்கலாம்ப்பா."

"மாத்த இன்னொன்னு வச்சிருக்கியா?"

இல்லை. அதுவே தீவனச் செலவு எனப்படும்: மெமரி கார்டு, பை, இன்னொரு பேட்டரி, முக்காலி. ஒகேனக்கல் போய் ஒரு விநாடியில் கால்பங்குக்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் காவிரி பாலாக இறங்கும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தால் துளித்துளியாக உறையும். முன்னதற்கு முக்காலி கட்டாயம். பகல் வெளிச்சத்தில் அதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடி ஃபில்டரும் தேவை. அது தனிப் பட்டியல்.

கடைசியில் பெட்டி வீட்டுக்கு வந்தது. முதல் நாள் படங்களை ஆராய்ந்ததில் மலைக்கோயிலுக்குப் பின்னால் சூரியன், புல்நுனிப் பனி, எறும்பு, நிலா என்ற வரிசை கிடைத்தது. 55 எம்எம் லென்ஸில் நிலா சென்சார்மேல் அரை மில்லிமீட்டர்தான் விழும். 6000 புள்ளி அகலத்தில் ஏறத்தாழ 135 புள்ளி. இளைஞர் அதை நிலா என்றார். அம்மா திரையைத் துடைத்துப் பார்த்தார்.

அடுத்த படம் கொட்டகையில் நின்ற பசு. அப்பா கேமராவை வாங்கி, பொத்தானை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கொம்பு, நெற்றி, காது. காதின் உள்மடிப்பில் நிறுத்தினார். மயிருக்கு நடுவே பாக்குத் துண்டு போல மூன்று உண்ணிகள் துல்லியமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் சொல்லாமல் எழுந்து, கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

கருதுகோள் ஒன்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாவது உண்ணியைப் பிடுங்கிய கையோடு, "அந்த எருமையையும் ஒன்னு புடி" என்று குரல் வந்ததால் ஆய்வு தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது.