ஞாயிற்றுக்கிழமைச் சோம்பேறி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். அங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவர் அகப்படுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, வாரம் இருமுறை கவனமாகக் கத்தரித்து வளர்க்கும் அலட்சியத் தாடி. வாரத்தில் ஐந்து நாள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை: யார் வீடு தீப்பிடிக்கும், யார் கூரைமேல் மரம் விழும் என்று ஊருக்கெல்லாம் சேர்த்துக் கவலைப்படுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எந்தக் கவலையும் கூடாது என்பது அவர் கொள்கை. அதற்காக அலாரம் வைத்து ஆறு மணிக்கே எழுந்துவிடுவார்.

சும்மா இருப்பதென்றால் சும்மாவா? முதலில் காபி. ஒரு பங்கு தூளுக்குப் பதினாறு பங்கு தண்ணீர். தராசில் கிராம் கணக்கு. நீண்ட மூக்குள்ள கெட்டிலிலிருந்து கொஞ்சமாக ஊற்றி முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். தூள் மூச்சு விடுகிறதாம். அவர் மனைவி மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தி, குடித்து, நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வரும்போதும் இங்கே தூள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு இசைத்தட்டு. இந்த வகையறாவின் குலதெய்வம் பேவ்மெண்ட் என்ற ராக் குழு. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் 1989-இல் ஸ்டீஃபன் மால்க்மஸும் ஸ்காட் கன்பெர்க்கும் தொடங்கியது. சுருதி கொஞ்சம் விலகினால் என்ன, பாட்டு பாதியில் வேறு பக்கம் போனால் என்ன என்று வாசித்தவர்கள். பத்திரிகைகள் இவர்களுக்கு ‘ஸ்லாக்கர்’, அதாவது சோம்பேறிப் பட்டம் கட்டின. அந்தச் சோம்பேறிகள் 1992-க்கும் 1999-க்கும் நடுவில் ஐந்து ஆல்பம் போட்டிருக்கிறார்கள். சுறுசுறுப்பானவர்கள் பலர் அந்த வருடங்களில் ஒன்றோடு நின்றுவிட்டார்கள் என்பதை நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று இவர் ஒதுக்கி வைத்திருப்பது 1995-இல் வந்த ‘வவ்வீ ஸவ்வீ’. மொத்தம் 18 பாட்டு. மெல்லிய கிட்டாரோடு பாட்டுக்காரர் அப்போதுதான் படுக்கையை விட்டு எழுந்த குரலில் ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் யாரோ கத்துவார்கள். அது அடங்கினால் கிராமத்துச் சாயலில் பெடல் ஸ்டீல் கிட்டார் இழையும். நடுநடுவே விளையாட்டுப் பிள்ளைகள் மைக்கைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு கீச்சுக்குரல். வந்த புதிதில் விமர்சகர்கள் குழம்பிப் போனார்கள். இன்று ரசிகர்களில் பலருக்கு இதுதான் செல்லம். கேட்க நிஜமாகவே ஆனந்தமான ஆல்பம், அதில் இவரைக் குறை சொல்ல முடியாது.

கேட்கிற முறைதான் வேடிக்கை. கார்பன் பிரஷ்ஷால் தட்டைத் துடைப்பார். டர்ன்டேபிள் சமமாக நிற்கிறதா என்று கொத்தனார் மாதிரி ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். மரத்தரை என்பதால் யாராவது அழுத்தி நடந்தால் ஊசி குதித்துவிடும். அதனால் கவலையற்ற இசை ஒலிக்கும் நேரம் முழுவதும் வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடக்க வேண்டும், பூனை உட்பட. நல்ல பாட்டு வந்தால் ஆடத் தோன்றுமே? தோன்றலாம். ஆடக் கூடாது.

ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடி, “ஆகா” என்று சொல்வதற்குள் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். இந்த ஆல்பத்தில் இன்னொரு கூத்து. பாட்டுகள் ஒரு தட்டுக்கு மேல் போயின, இரண்டு தட்டை நிரப்பவில்லை. ஆகவே நான்காம் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். வருகிற விருந்தாளிக்கு இவர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, “பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை!” என்பார். விருந்தாளியும் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்வார். அந்தப் பக்கத்தையும் பிரஷ்ஷால் துடைத்துத்தான் உறையில் போடுவார்.

பழங்கதையும் உண்டு. குழுவின் முதல் டிரம்மர் கேரி யங் மற்றவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். கச்சேரியில் தலைகீழாக நிற்பார். வாசலில் நின்று ரசிகர்களுக்கு முட்டைக்கோஸ் கொடுப்பார். அந்த முட்டைக்கோஸைக் கையில் வாங்கியதாக நம்மவர் சொல்கிறார். இப்படிச் சொல்கிற எல்லோருக்கும் கொடுத்திருந்தால் கலிஃபோர்னியாவின் மொத்த விளைச்சலும் போதாது. அதே குழுவை 1995-இல் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த லொல்லபலூசா விழாவில் கூட்டம் சேற்றையும் கல்லையும் வீசி மேடையைவிட்டு விரட்டியது. சேறு எறிந்தவன் நான்தான் என்று சொல்ல மட்டும் இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

போன ஞாயிறு இரண்டாம் பக்கம் ஓடும்போது பதினாறு வயது மகள் போனும் கையுமாக மாடியிலிருந்து இறங்கினாள். நுனிக்காலில்தான். அவள் வாயில் ஒரு பாட்டு.

“அதை எங்கே பிடித்தாய்?” என்றார்.

“எல்லோருக்கும் தெரியுமே அப்பா. போனில் தானாக வரும்.”

அது ‘ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்’. ஆல்பத்தில் இடம் கிடைக்காமல், 1999-இல் ஒரு சிறு தட்டின் மூலையில் ஒட்டவைத்த பாட்டு. குழு கலைந்து பல வருடம் கழித்து ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியின் பரிந்துரை நிரல் அதைப் பிடித்து உலகத்துக்கெல்லாம் ஊட்டியது. அங்கே குழுவின் பாட்டுகளில் அதிகம் கேட்கப்பட்டது இன்று இதுதான். அத்தனை பேருக்கும் முன்பே, யாருக்கும் தெரியாத அந்தப் பாட்டு தனக்குத் தெரியும் என்பது இவரது இருபது வருடச் சொத்து. அது போன மாதிரியே முகம் சுருங்கியது.

மகளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “இவங்க வேற பாட்டும் நல்லா இருக்குமா அப்பா?” என்று கேட்டுத் தொலைத்தாள்.

அவர் டர்ன்டேபிளை நிறுத்தினார். காபிக்கு இன்னொரு முறை தண்ணீர் வைத்தார். சோபாவில் அவளுக்கு இடம் ஒதுக்கி, “உட்கார். 1989-இல் ஆயிரமே பிரதி அடித்த ஒரு சின்னத் தட்டு...” என்று ஆரம்பித்தார்.