மாதம் 42 ரூபாய், 42 ஆண்டு

ஏழைகளே, இனி உங்கள் முதுமையை அரசு பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே இரண்டுதான்: அறுபது வரை சாகாமல் இருங்கள், கணக்கில் மாதாமாதம் பணம் வைத்திருங்கள்.

2015இல் வந்தது அடல் பென்சன் திட்டம். பதினெட்டு வயதுச் சித்தாள் ஒருத்தி மாதம் 42 ரூபாய் வீதம் 42 ஆண்டு கட்டினால், அறுபதில் மாதம் 1,000 ரூபாய் நிச்சயம். ரிசர்வ் வங்கியின் இலக்குப்படி விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டுமே ஏறியது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஆயிரத்தின் இன்றைய மதிப்பு 193 ரூபாய்!

வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் அறுபது வயதுக் கிழவிக்கு மத்திய அரசு இன்று தன் பங்காகத் தருவது 200 ரூபாய். 2007இலும் முதியோருக்கு அந்தப் பங்கு அதே 200தான். ஆக, எதுவும் கட்டாதவளுக்கு 200. ஆயுள் முழுக்கக் கட்டியவளுக்கு 193. சேமிப்பின் மகிமையே மகிமை!

ஐயாயிரம் தரும் வகையும் உண்டே என்பார்கள். உண்டு, அதற்கு மாதம் 210 ரூபாய். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆயிரத்தோடு நின்றுவிட்டதற்குக் காரணம் அற்ப ஆசையா, அற்பக் கூலியா?

அடைமழையில் கட்டட வேலை நின்றால் கூலியும் நிற்கும். தவணை நிற்காது, தாமதமானால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நாற்பது வயதைத் தாண்டியவர் சேரவே முடியாது. முதுமை யார் வாசலுக்கு வந்துவிட்டதோ அவருக்குத்தான் கதவடைப்பு. இதற்குப் பெயர் எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி. எட்டுக் கோடிப் பேர் சேர்ந்தார்கள் என்று பெருமை வேறு!

விலைவாசி ஏறும் என்பது தில்லிக்குத் தெரியாதா? தன் விஷயத்தில் நன்றாகத் தெரியும். பணவீக்கக் குறியீட்டைக் காட்டி, முன்னாள் எம்.பி.க்களின் மாத ஓய்வூதியத்தை 25,000இலிருந்து 31,000 ஆக்கி 2025 மார்ச்சில் அறிவித்தார்கள்; 2023 ஏப்ரலில் இருந்தே கணக்கிட்டு. மாண்புமிகுக்களுக்கு மட்டும்தான் அரிசி விலை ஏறுமோ?

ஒரு யோசனை. எம்.பி.க்களையும் அடல் திட்டத்தில் சேருங்கள்: பென்சன் ஆயிரம், குறியீடு கிடையாது, தவணை தவறினால் அபராதம். அன்று மாலைக்குள் திருத்த மசோதா வரும். வெளிநடப்பு இருக்காது, கூச்சல் இருக்காது, குரல் வாக்கெடுப்பில் ஏகமனதாக நிறைவேறும்.